மிட்சுபிசி பஜேரோ இயந்திரக் கோளாறுகள்

மிட்சுபிசி பஜேரோ என்பது சப்பானின் மிட்சுபிசி மோட்டார்ஸ் நிறுவனம் 1982 முதல் 2021 வரை உற்பத்தி செய்த நாற்சக்கர இயக்க ஊர்தி ஆகும். சொகுசு வசதிகளுடன் கரடுமுரடான நிலத்திலும் செல்லக்கூடிய ஊர்திகளுள் இந்தியாவில் பரவலாக அறியப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. இந்தியாவில் விற்கப்பட்ட இரண்டாம் தலைமுறைப் பஜேரோக்கள் தமிழ்நாட்டில், திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டப்பட்டன. இவற்றுள் பல இன்று பதினைந்து ஆண்டுகளைக் கடந்தவை.

இக்கட்டுரை இரண்டாம் தலைமுறைப் பஜேரோவின் டீசல் வகையில் வயது முதிரும்போது பொதுவாகத் தோன்றும் கோளாறுகளையும், அவற்றின் காரணங்களையும், அறியும் முறைகளையும் விளக்குகின்றது. இவ்வூர்தியில் பெருஞ்செலவு வைக்கும் பழுதுகள் பெரும்பாலும் ஒரு மூடி, ஒரு ரப்பர் குழாய், ஒரு மூச்சுக்குழாய் போன்ற சிறு பாகங்களின் பழுதிலிருந்தே தொடங்குகின்றன. கடலோரத்தில் அமைந்து அடிக்கடி வெள்ளத்துக்கு உள்ளாகும் கடலூர், சிதம்பரம் வட்டாரச் சூழல் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

வரலாறு

பஜேரோ என்னும் பெயர் தென் அமெரிக்காவின் புல்வெளிகளில் வாழும் ஒரு காட்டுப்பூனையின் அறிவியற் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. எசுப்பானிய மொழி வழக்கில் இச்சொல் இழிசொல்லாகவும் இருப்பதால், அம்மொழி பேசும் நாடுகளிலும் வட அமெரிக்காவிலும் இவ்வூர்தி மான்டேரோ என்ற பெயரில் விற்கப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தில் இதன் பெயர் சோகன் ஆகும்.

முதல் தலைமுறை 1982 இலும், இரண்டாம் தலைமுறை 1991 இலும், மூன்றாம் தலைமுறை 1999 இலும், நான்காம் தலைமுறை 2006 இலும் வெளிவந்தன. டக்கார் நெடுந்தூரப் பந்தயத்தில் பஜேரோ 12 முறை முதலிடம் பெற்றது. இவற்றுள் 2001 முதல் 2007 வரை பெற்ற ஏழு வெற்றிகள் தொடர்ச்சியானவை.

சப்பானில் மூன்றாம் தலைமுறை வந்த பின்னரும் இந்தியாவில் இரண்டாம் தலைமுறை வடிவமே 2000களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தது. பிற்காலத்தில் இது பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் என அழைக்கப்பட்டது. 2012 இல் அறிமுகமான பஜேரோ ஸ்போர்ட் வேறு அடித்தளமும் வேறு இயந்திரமும் கொண்டது. எனவே அவ்வூர்தியின் கோளாறுகள் இங்கு கூறப்படுபவற்றிலிருந்து வேறுபடும்.

அமைப்பு

கோளாறுகளைப் புரிந்துகொள்ள இவ்வூர்தியின் அடிப்படை அமைப்பை அறிவது தேவை.

- சட்டகம்: ஏணி வடிவ எஃகுச் சட்டகத்தின் மீது உடற்பகுதி தனியாகப் பொருத்தப்பட்டுள்ளது. பணிமனைகளில் இச்சட்டகம் சேசிஸ் எனப்படும்.
- இயந்திரம்: 4எம்40 என்னும் நான்கு சிலிண்டர் டர்போ டீசல் இயந்திரம். சிலிண்டர் விட்டம் 95 மி.மீ., பிஸ்டன் வீச்சு 100 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 2,835 கன செ.மீ., சுருக்க விகிதம் 21:1. இயந்திரக் கட்டை வார்ப்பிரும்பாலும் அதன் மேல் அமரும் தலைப்பகுதி அலுமினியக் கலப்புலோகத்தாலும் ஆனவை.
- எரிபொருள் முறை: மின்னணுக் கட்டுப்பாட்டு உயரழுத்தக் குழல் இல்லாத, சுழல் பம்ப் கொண்ட பழைய முறை. எரிபொருள் நேரடியாகச் சிலிண்டருக்குள் செல்லாமல், தலைப்பகுதியில் உள்ள சிறு சுழலறைக்குள் தெளிக்கப்படும்.
- இயக்கம்: சூப்பர் செலெக்ட் எனப்படும் நாற்சக்கர இயக்க முறை.
- தொங்கமைப்பு: முன்புறம் முறுக்குத் தண்டுகளுடன் கூடிய இரட்டைக் கைகள், பின்புறம் சுருள்வில்களுடன் கூடிய திடமான அச்சு.

கடலூர், சிதம்பரம் வட்டாரச் சூழல்

கடலூர் நகரம் கெடிலம், தென்பெண்ணை ஆறுகள் கடலில் கலக்கும் பகுதியில் அமைந்துள்ளது. சிதம்பரம் வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடைப்பட்டது. அதன் கிழக்கே பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம் ஆகிய உவர்நீர்க் கழிமுகப் பகுதிகள் உள்ளன. இவ்வட்டாரம் ஊர்தியை மூன்று வகையில் பாதிக்கின்றது.

முதலாவது, கடற்காற்றில் கலந்து வரும் உப்பு. கடற்கரை மணலிலும் உவர்நிலச் சேற்றிலும் ஓட்டும்போது உப்பு நேரடியாகவே அடிப்பாகத்தில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது, கடலோரக் கிணற்று நீரின் உப்புத்தன்மையும் கடினத்தன்மையும். இந்நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உட்புறம் காறை படியும். மூன்றாவது, வடகிழக்குப் பருவமழைக் கால வெள்ளம். 2011 திசம்பர் 30 இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 நவம்பரிலும் திசம்பரிலும் மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததைத் தொடர்ந்து, திசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. உயரமான ஊர்தி என்பதால் பஜேரோ போன்றவை இத்தகைய நாட்களில் நீருக்குள் ஓட்டப்படுவது இயல்பு. ஊர்தி நீரைக் கடந்துவிட்டாலும் அதன் விளைவுகள் சில மாதங்களுக்குப் பின் வெளிப்படலாம்.

குளிர்விப்பு முறையும் தலைப்பகுதி வெடிப்பும்

4எம்40 இயந்திரத்தின் மிகவும் அறியப்பட்ட, மிகுந்த செலவு வைக்கும் கோளாறு தலைப்பகுதியில் வெடிப்பு விழுதல் ஆகும். பணிமனைகளில் இப்பகுதி 'ஹெட்' என்றே வழங்கும். வெடிப்பு பெரும்பாலும் உள்ளிழு வால்வுக்கும் வெளியேற்று வால்வுக்கும் இடைப்பட்ட குறுகிய பகுதியில் தோன்றுகின்றது.

காரணம்

அலுமினியம் வெப்பத்தால் விரியும் அளவு வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆகும். அரை மீட்டர் நீளமுள்ள அலுமினியத் துண்டு 80 பாகை செல்சியஸ் வெப்பநிலை உயர்வில் சுமார் 0.9 மி.மீ. நீளும். அதே நீளமுள்ள வார்ப்பிரும்பு 0.45 மி.மீ. அளவே நீளும். இவ்விரண்டும் மறைகளால் இறுக்கிப் பிணைக்கப்பட்டிருப்பதால், இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகும் ஒவ்வொரு முறையும் தலைப்பகுதி வளைய முற்படுகிறது. வால்வுகளுக்கு இடையே உள்ள மெல்லிய பகுதியே மிகுந்த வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்குவதால் அங்கு வெடிப்பு விழுகின்றது.

இயந்திரம் சூடாவதற்கான காரணங்கள் பொதுவாக எளியவை.

- ரேடியேட்டர் மூடியின் வில் தளர்தல். மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும்போது நீர் ஏறத்தாழ 118 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். மூடி அழுத்தத்தைத் தாங்காவிட்டால் 100 பாகையிலேயே கொதித்து வெளியேறிவிடும்.
- ரேடியேட்டரின் உட்புறம் காறையாலும், வெளிப்புறம் மண்ணாலும் பூச்சிகளாலும் அடைபடுதல்.
- விசிறிக் கிளட்ச் வலுவிழத்தல். இதற்குள் உள்ள சிலிக்கோன் எண்ணெய் கசிந்துவிட்டால் விசிறி சுழன்றாலும் போதிய காற்றை இழுக்காது. நெரிசலில் சூடாகி, நெடுஞ்சாலையில் குளிர்வது இதன் அடையாளம்.
- தெர்மோஸ்டாட் முழுமையாகத் திறவாமை, நீர்ப் பம்பில் கசிவு, பழைய ரப்பர் குழாய்களில் விரிசல்.

வெப்பங்காட்டியின் வரம்பு

முகப்புப் பலகையில் உள்ள வெப்பங்காட்டியை மட்டும் நம்புவது ஆபத்தானது. அதன் உணரி குளிர்விப்பு நீரில் மூழ்கியிருக்கும்போதே சரியாக வேலை செய்யும். குழாய் வெடித்து நீர் முழுவதும் வெளியேறிவிட்டால் உணரியைச் சுற்றி நீராவியோ காற்றோ மட்டும் இருக்கும். அப்போது இயந்திரம் எரியும் சூட்டில் இருந்தும் முள் இயல்பான நிலையில் நிற்கலாம், சில வேளைகளில் கீழே இறங்கவும் கூடும். மேலும், பல ஊர்திகளின் வெப்பங்காட்டி முள் இயல்பான வெப்பநிலை எல்லைக்குள் அசையாமல் நிற்குமாறே அமைக்கப்பட்டுள்ளது. முள் மேலேறத் தொடங்கும்போது தாமதமாகியிருக்கும். இதனால் நீர்மட்டம் குறைவதை ஒலியால் அறிவிக்கும் கருவியைச் சிலர் கூடுதலாகப் பொருத்துகின்றனர்.

அறிகுறிகள்

- வெளியே கசிவு ஏதும் இன்றி நீர் குறைந்துகொண்டே போதல்.
- இரவு முழுவதும் நின்ற ஊர்தியில், காலையில் தொட்டுப் பார்க்கும்போது மேல் ரப்பர் குழாய் அழுத்தத்துடன் விறைத்திருத்தல்.
- உபரிநீர்க் கலனில் தொடர்ந்து குமிழிகள் வருதல்.
- முதல் இயக்கத்தின்போது இனிப்பு மணத்துடன் வெண்புகை.
- எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறுதல். இது பிந்திய அறிகுறி ஆகும்.

உறுதி செய்ய இரு சோதனைகள் உள்ளன. ஒன்று, குளிர்விப்பு முறைக்குக் காற்றழுத்தம் கொடுத்து அது குறைகிறதா எனப் பார்ப்பது. மற்றது, ரேடியேட்டர் வாயிலிலிருந்து வரும் வாயுவை நீல நிறச் சோதனை நீர்மத்தின் வழியே செலுத்துவது. எரிவாயு கலந்திருந்தால் நீர்மம் மஞ்சளாக மாறும். டீசல் இயந்திரம் வெறுமனே ஓடும்போது கரியமில வாயு குறைவாகவே உண்டாவதால், இயந்திரத்தைச் சூடேற்றி, வேகத்தை உயர்த்திச் சோதிப்பது தேவை. இல்லையெனில் பழுதுள்ள இயந்திரமும் நல்லது எனக் காட்டிவிடும்.

நீரின் தரமும் சீரமைப்பும்

குளிர்விப்பு நீர்மம் உறைவதைத் தடுக்க மட்டுமே என்னும் கருத்து தவறானது. கொதிநிலையை உயர்த்துவதும், அலுமினியம் அரிக்கப்படாமல் காப்பதுமே வெப்ப நாடுகளில் அதன் முதன்மைப் பணிகள். கூலன்ட்டும் வடித்த நீரும் சம அளவில் கலந்து, குறித்த காலத்தில் மாற்றப்பட வேண்டும். கடலூர்க் கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றிய ஊர்திகளில் ரேடியேட்டர் அடைப்பும் தலைப்பகுதியின் நீர்வழிகளில் அரிப்பும் எதிர்பார்க்கத் தக்கவை.

வெடித்த தலைப்பகுதியைப் பற்றவைத்துச் சரிசெய்வது உண்டு. எனினும் மீண்டும் அதே இடத்திலோ அருகிலோ வெடிக்கும் வாய்ப்பு மிகுதி. வளைந்த தலைப்பகுதியை லேத் பட்டறையில் சீவித் தட்டையாக்கும்போது உற்பத்தியாளர் வகுத்த அளவெல்லையைத் தாண்டக் கூடாது. புதிய தலைப்பகுதி பொருத்துவோர், சூடானதற்கான மூலக் காரணத்தையும் அதே வேளையில் நீக்க வேண்டும். பழைய ரேடியேட்டரையும் பழைய மூடியையும் அப்படியே விட்டால் புதிய தலைப்பகுதியும் அதே வழியில் போகும்.

நேரச் சங்கிலி

வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை வணரித்தண்டின் சுழற்சியுடன் இணைப்பது நேரச் சங்கிலி ஆகும். வேறு பல நாடுகளில் பஜேரோவில் பொருத்தப்பட்ட 2,477 கன செ.மீ. 4டி56 இயந்திரத்தில் இதற்கு ரப்பர் பட்டை பயன்பட்டது. 4எம்40 இயந்திரத்தில் எஃகுச் சங்கிலி உள்ளது. பட்டையைப் போலக் குறித்த தொலைவில் மாற்ற வேண்டியதில்லை என்பதால், சங்கிலிக்கு வாழ்நாள் எல்லையே இல்லை எனக் கருதப்படுவது உண்டு. இது சரியன்று.

சங்கிலியின் கண்ணிகள் தேயத் தேய அதன் நீளம் கூடுகிறது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இறுக்கி ஓர் எல்லை வரைதான் இத்தளர்வை ஈடுசெய்யும். காலையில் இயந்திரத்தை இயக்கியவுடன் முன்புறத்தில் சில நொடிகள் கலகலவென ஒலி எழுந்து அடங்கினால், எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை சங்கிலி தளர்ந்து கிடக்கிறது எனப் பொருள். சூடான பின்னும் ஒலி தொடர்ந்தால் சங்கிலி, இறுக்கி, வழிகாட்டிகள் ஆகியவற்றை ஒன்றாக மாற்ற வேண்டும். சங்கிலி பல் தாவினால் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதி இயந்திரம் முழுவதும் சிதையும். காலம் தவறிய எண்ணெய் மாற்றமே சங்கிலித் தேய்வின் பெருங்காரணம். டீசல் கரி எண்ணெயில் சேர்ந்து உராய்பொருளாக மாறுகிறது.

எரிபொருள் முறைக் கோளாறுகள்

சுழல் பம்பின் உட்பாகங்களுக்கு மசகாக அமைவது டீசலே. ஆகவே டீசலில் நீர் கலந்தால் பம்ப் விரைவில் தேயும். எரிபொருள் வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரை மழைக்காலத்தில் அடிக்கடி வடித்துவிட வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் டீசலின் கந்தக எல்லை பத்து இலட்சத்தில் 10 பங்கு ஆகும். கந்தகத்தை நீக்கும் முறையால் டீசலின் இயற்கையான மசகுத்தன்மை குறைகிறது. இதை ஈடுசெய்யச் சேர்க்கைப் பொருட்கள் கலக்கப்படுவதால் பழைய பம்ப்களிலும் இதனைப் பயன்படுத்த முடியும். ஆயினும் பல ஆண்டுகள் பழைய டீசலில் ஊறிய ரப்பர் வளையங்கள் சுருங்கிக் கசிவதுண்டு. பம்பின் மேல் ஈரம், டீசல் நாற்றம், காலையில் இயந்திரம் எளிதில் இயங்காமை ஆகியவை இதன் அடையாளங்கள்.

காலையில் இயங்க மறுப்பதற்கு இரு காரணங்கள் பொதுவானவை. இவற்றைப் பிரித்தறிவது எளிது.

- வடிகட்டியின் கைப்பம்பை அழுத்திய பின் உடனே இயங்கினால், குழாயில் எங்கோ காற்று நுழைகிறது.
- கைப்பம்பை அழுத்தியும் மாற்றம் இன்றி, வெண்புகையுடன் அதிர்ந்து இயங்கினால், ஹீட்டர் பிளக்குகளில் ஒன்றோ பலவோ பழுது. சுழலறை கொண்ட இயந்திரங்கள் குளிர்ந்த நிலையில் இவற்றையே பெரிதும் நம்பியுள்ளன.

கரும்புகை எரிபொருள் மிகுதியையோ காற்றுப் பற்றாக்குறையையோ காட்டுகிறது. பம்பைத் திருத்தும் முன் காற்று வடிகட்டி, டர்போவிலிருந்து செல்லும் குழாய்கள், தெளிப்பான்கள் ஆகியவற்றை இவ்வரிசையில் பார்ப்பது சிக்கனமானது. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். இதற்குத் தேய்ந்த டர்போ அடைப்பு, வால்வு அடைப்பு, பிஸ்டன் வளையம் ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். நெடுந்தூரம் விரைந்து ஓட்டிய பின் ஓரிரு நிமிடம் இயந்திரத்தை வெறுமனே ஓடவிட்டு நிறுத்துவது டர்போவின் தாங்கிகளைக் காக்கும்.

நாற்சக்கர இயக்கக் கோளாறுகள்

சூப்பர் செலெக்ட் முறையில் 2எச், 4எச், 4எச்எல்சி, 4எல்எல்சி என நான்கு நிலைகள் உள்ளன. முதலாவது பின்சக்கர இயக்கம். இரண்டாவது நடு டிஃபரன்ஷியலுடன் கூடிய நாற்சக்கர இயக்கம், இதைத் தார்ச்சாலையிலும் பயன்படுத்தலாம். ஏனைய இரண்டிலும் நடு டிஃபரன்ஷியல் பூட்டப்படுவதால், வழுக்கும் தரையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பூட்டிய நிலையில் உலர்ந்த சாலையில் திரும்பினால் முன் பின் அச்சுகளுக்கிடையே முறுக்கம் ஏறி மாற்றுப்பெட்டியின் சங்கிலியும் பல்லிணைகளும் சேதமடையும்.

முன் அச்சை இணைப்பதும் பிரிப்பதும் இயந்திரத்தின் வெற்றிட விசையால் நடைபெறுகிறது. மெல்லிய ரப்பர் குழாய்களும் மின்காந்த வால்வுகளும் இதற்கு உதவுகின்றன. முகப்புப் பலகையில் முன்சக்கர விளக்குகள் நிற்காமல் மின்னினால், இணைப்பு முழுமையடையவில்லை எனப் பொருள். மாற்றுப்பெட்டியே போய்விட்டது எனப் பலர் அஞ்சினாலும், பெரும்பாலும் வெடித்த வெற்றிடக் குழாயோ, துருப்பிடித்த மின்காந்த வால்வோ, அழுக்கேறிய நிலைச் சொடுக்கியோதான் காரணமாக இருக்கும். பல மாதங்கள் 2எச் நிலையிலேயே ஓட்டும் ஊர்திகளில் இது மிகுதி. மாதம் ஒருமுறையேனும் 4எச் நிலையில் சில கிலோமீட்டர் ஓட்டுவது பாகங்கள் இறுகிப்போவதைத் தடுக்கும்.

தொங்கமைப்பு, திசைமாற்றி, நிறுத்தி

- முன் கைகளின் பந்து மூட்டுகள் தேய்ந்தால் பள்ளங்களில் தட்டும் ஒலி எழும். பந்து மூட்டு கழன்றால் சக்கரம் மடிந்துவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.
- திசைமாற்றி இணைப்பில் உள்ள துணைக் கை தேய்ந்தால் நேர்ச்சாலையில் ஊர்தி அலையும். சக்கர நேர்சீரமைப்பு மட்டும் செய்தால் இக்குறை நீங்காது.
- முறுக்குத் தண்டுகள் காலப்போக்கில் தளர்ந்து முன்புறம் தாழும். இறுக்கி உயர்த்தலாம். அளவுக்கு மீறி உயர்த்தினால் அச்சு மூட்டுகளின் கோணம் கூடி அவற்றின் ரப்பர் உறைகள் கிழியும்.
- பின் அச்சை இணைக்கும் தண்டுகளின் ரப்பர் புஷ்கள் நைந்தால், முடுக்கும்போதும் நிறுத்தும்போதும் பின்புறம் பக்கவாட்டில் நழுவுவது போல் தோன்றும்.
- நிறுத்தியின் நழுவு ஊசிகள் உப்பாலும் சேற்றாலும் இறுகிவிடும். ஒருபக்கச் சக்கரம் மட்டும் சூடாதல், ஒருபுறம் இழுத்தல் ஆகியவை அடையாளம்.

துரு

ஏணிச் சட்டகம் கொண்ட ஊர்தியில் இயந்திரத்தை மாற்றலாம், கியர்ப் பெட்டியை மாற்றலாம். சட்டகம் அரித்துவிட்டால் ஊர்தியின் வாழ்நாள் பெரும்பாலும் முடிந்தது எனலாம். ஆகவே கடலோரப் பகுதியில் துருவே தலைப்பகுதி வெடிப்புக்கு அடுத்த பெருங்கேடு ஆகும்.

சட்டகத்தின் தண்டுகள் உள்ளீடற்ற பெட்டி வடிவினவை. பின் அச்சின் மேல் வளைந்து செல்லும் பகுதியில் சேறும் மணலும் உட்புகுந்து தங்கும். உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதால் வறண்ட நாட்களிலும் அப்பகுதி உலர்வதில்லை. துரு உள்ளிருந்து வெளியே வருவதால், வெளியில் சிறு கொப்புளம் தெரியும்போது உட்புறம் மெலிந்திருக்கும். பின் சக்கர வளைவுகளின் உட்புறம், உடற்பகுதி சட்டகத்தில் அமரும் இடங்கள், நிறுத்தி எண்ணெய் செல்லும் எஃகுக் குழாய்கள் ஆகியவையும் கவனிக்கத் தக்கவை.

சிறு சுத்தியலால் தட்டும்போது கணீரென ஒலிப்பது நல்ல இரும்பு, மந்தமாக ஒலிப்பது அரித்த இரும்பு. துருவை நீக்காமல் அதன் மேல் கருப்புப் பூச்சு அடிப்பது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதாகும். விற்பனைக்கு முன் புதிதாக அடிக்கப்பட்ட பூச்சைக் கொண்ட சட்டகத்தை இக்காரணத்தால் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். கடற்கரையிலோ உவர்நிலத்திலோ ஓட்டிய அன்றே நன்னீரால் அடிப்பாகத்தையும் சட்டகத்தின் துளைகளுக்குள்ளும் கழுவுவதே சிறந்த காப்பு முறை.

வெள்ளநீரால் ஏற்படும் கோளாறுகள்

இயந்திரத்துக்குள் நீர்

காற்று வடிகட்டியின் வழியே நீர் சிலிண்டருக்குள் புகுந்தால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். இந்த இயந்திரத்தின் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 709 கன செ.மீ. சுருக்க விகிதம் 21:1 என்பதால், பிஸ்டன் உச்சியை அடையும்போது எஞ்சும் இடம் ஏறத்தாழ 35 கன செ.மீ. மட்டுமே. அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி நீர் அந்த இடத்தை நிரப்பிவிடும். நீர் சுருங்காது என்பதால் பிஸ்டனின் முழு விசையும் இணைப்புத் தண்டில் இறங்குகிறது.

எனவே வெள்ளநீரில் இயந்திரம் தானாக நின்றுவிட்டால் மீண்டும் இயக்க முயலக் கூடாது. ஊர்தியை இழுத்து வெளியேற்றி, மின்கலத்தைக் கழற்றி, ஹீட்டர் பிளக்குகளையோ தெளிப்பான்களையோ நீக்கி, இயந்திரத்தைக் கையால் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். பின்னரே எண்ணெயையும் வடிகட்டிகளையும் மாற்றி இயக்கலாம். நின்ற இயந்திரம் பல நேரங்களில் தப்பியிருக்கும். மறுமுறை சாவியைத் திருப்புவதே அதை அழிக்கும்.

அச்சுகளுக்குள் நீர்

ஓடிய ஊர்தியின் டிஃபரன்ஷியல் பெட்டி சூடாக இருக்கும். அது குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உட்காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சத் தொடங்கும். பெட்டியின் மேலுள்ள மூச்சுக்குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால், அச்சின் எண்ணெய் அடைப்புகளின் வழியே நீர் உள்ளே புகும். அன்று எந்த மாற்றமும் தெரியாது. சில மாதங்களில் தாங்கிகளில் துரு ஏறி, பணிமனைகளில் 'கிரவுன் சத்தம்' எனப்படும் ஊளையொலி எழும். சக்கர நடுப்பகுதி மூழ்கும் அளவு நீரைக் கடந்த ஊர்தியில் முன் பின் டிஃபரன்ஷியல்கள், கியர்ப் பெட்டி, மாற்றுப்பெட்டி ஆகியவற்றின் எண்ணெயைச் சில நாட்களுக்குள் பார்ப்பது நல்லது. எண்ணெய் பால் நிறமாக இருந்தால் உடனே மாற்ற வேண்டும். மூச்சுக்குழாய்களை நீட்டி இயந்திர அறையின் மேற்பகுதிக்குக் கொண்டுசெல்வது இதற்கு நிலையான தீர்வு ஆகும்.

உதிரிப் பாகங்களும் பதிவுப் புதுப்பிப்பும்

4எம்40 இயந்திரம் மிட்சுபிசியின் டெலிகா, கேன்ட்டர் முதலிய வேறு ஊர்திகளிலும் பயன்பட்டதால் அதன் பாகங்கள் உலகச் சந்தையில் இன்றும் கிடைக்கின்றன. உடற்பகுதிப் பாகங்கள், உட்புற அலங்காரப் பாகங்கள் ஆகியவையே அரிது. இவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளை நாடுவோர் உண்டு. பழைய தலைப்பகுதி வாங்குவோர் அழுத்தச் சோதனை செய்யாமல் பொருத்தக் கூடாது.

இந்தியாவில் தனியார் பயன்பாட்டு ஊர்தியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஊர்தியை நேரில் காட்டி ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தில்லித் தலைநகர் வட்டாரத்தில் டீசல் ஊர்திகளுக்கு விதிக்கப்பட்ட பத்தாண்டு எல்லை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. புகை, நிறுத்தி, திசைமாற்றி, சட்டகம் ஆகியவை நல்ல நிலையில் இருப்பது புதுப்பிப்புக்கு மட்டுமன்றிப் பயணிப்போர் பாதுகாப்புக்கும் இன்றியமையாதது.

பழைய ஊர்தியை வாங்கும்முன் சோதிக்க வேண்டியவை

1. இயந்திரம் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது சென்று பார்க்க வேண்டும். முன்பே சூடேற்றி வைக்கப்பட்ட இயந்திரம் சங்கிலி ஒலியையும் வெண்புகையையும் மறைத்துவிடும்.
2. ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீரின் நிறம், காறை, எண்ணெய்ப் படலம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
3. அரை மணி நேரமேனும் ஓட்டி, பின் நிறுத்தி, உபரிநீர்க் கலனில் குமிழி வருகிறதா எனப் பார்க்க வேண்டும்.
4. நாற்சக்கர இயக்கத்தின் நான்கு நிலைகளையும் தளர்ந்த மண்தரையில் மாற்றிப் பார்க்க வேண்டும்.
5. ஊர்தியைத் தூக்கி, பின் அச்சுக்கு மேலுள்ள சட்டகத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும்.
6. டிஃபரன்ஷியல் எண்ணெயைச் சிறிது வடித்து நிறம் பார்க்க வேண்டும்.
7. தரைவிரிப்பை உயர்த்திச் சேற்றுத் தடம், இருக்கை அடியில் உள்ள மறைகளில் துரு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவை ஊர்தி வெள்ளத்தில் மூழ்கியதைக் காட்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- டீசல் இயந்திரம்
- நாற்சக்கர இயக்கம்
- இந்துஸ்தான் மோட்டார்ஸ்
- துருப்பிடித்தல்
- கடலூர் மாவட்டம்
- தானே புயல்